கப்பே: கூடாரத்துப் படுக்கை ஏற்றுமதிச் சரக்கான கதை

ஈரானின் தெற்கே ஃபார்ஸ் மாகாணத்தில், மந்தையோடு இடம்பெயரும் கஷ்காய் பெண்கள் தங்கள் வீட்டுக்கென்று நெய்துகொண்ட தடித்த கம்பளத்தின் பெயர் கப்பே. மாகாணத் தலைநகரான ஷிராஸின் கடைவீதியில் ஒரு காலத்தில் இதற்குப் பெரிய மதிப்பில்லை. இன்று ஐரோப்பாவில் ஈரானியப் பழங்குடிக் கம்பளம் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து விரிப்பது பெரும்பாலும் இதைத்தான். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அழிந்துகொண்டிருந்த ஒரு கலையைச் சந்தை காப்பாற்றிவிட்டது என்பதுதான் வழக்கமான பதில். அதில் பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் மீண்டு வந்தது சாயம். அந்த மீட்சியின் போக்கிலேயே, யாருக்காக நெய்வது, யார் சொல்படி நெய்வது என்ற இரண்டும் மாறிப்போயின.

நெய்தவர்களும் நெய்தவையும்

கஷ்காய் என்பது ஒரே குலம் இல்லை, பல குலங்களின் கூட்டமைப்பு. அமலே, தர்ரே ஷூரி, ஷிஷ் பொலூக்கி, ஃபார்சிமதான், பெரிய கஷ்கூலி, சின்னக் கஷ்கூலி ஆகியவை முக்கியமான பிரிவுகள். கம்பள உலகம் இவர்களைப் பாரசீகப் பழங்குடி என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னாலும், வீட்டில் பேசுவது துருக்கி இன மொழி. குளிர்காலத்தில் ஃபிரூஸாபாத், ஃபராஷ்பந்த் பக்கத்துத் தாழ்நிலங்களில் இருப்பார்கள். வெயில் ஏறியதும் ஸாக்ரோஸ் மலைத்தொடரை ஒட்டி வடக்கே நடந்து, செமிரோம், தேனா மலைப் பக்கத்துப் புல்வெளிகளுக்குப் போவார்கள். இலையுதிர் காலத்தில் அதே வழியில் திரும்பி இறங்குவார்கள். சில குழுக்களுக்கு ஒருவழித் தூரமே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் இருந்தது.

இந்த நடையைப் புரிந்துகொள்ளாமல் இவர்களுடைய நெய்வைப் புரிந்துகொள்ள முடியாது. மரப்பெட்டி, அலமாரி, கட்டில் எதையும் கழுதை மேல் ஏற்றி மலை கடக்க முடியாது. ஆகவே வீட்டுச் சாமான் எல்லாமே துணி. கூடாரமே வெள்ளாட்டு மயிரில் நெய்த கறுப்புப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்ததுதான். படுக்கையைச் சுருட்டி வைக்கப் பெட்டி வடிவப் பை, விலங்கின் முதுகில் இருபுறமும் தொங்கும் கோர்ஜின் என்ற இரட்டைப் பை, பெண்கள் சில்லறைச் சாமான் வைக்கும் சாந்தே என்ற சின்னப் பை, ரொட்டி மாவு பிசைய விரிக்கும் துணி, குதிரைக்குப் போர்வை, கூடாரத்தை இழுத்துக் கட்டும் பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நெய்வு இருந்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நமக்தான் என்ற உப்புப் பை. அகன்ற உடல், மேலே ஒடுங்கிய கழுத்து. ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர்; பை திறந்து கிடந்தால் தலையை உள்ளே விட்டுவிடும். கழுத்து ஒடுங்கியிருப்பதால் மனிதனின் கை போகும், ஆட்டின் தலை போகாது. அருங்காட்சியகச் சுவரில் மாட்டியிருக்கும்போது அந்த வடிவம் வெறும் அழகாகத் தெரிகிறது. கோர்ஜினின் வாயும் இப்படித்தான். ஓரமெல்லாம் கயிற்று வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் எதிர்ப்பக்கத்துத் துளைக்குள் விட்டு, அடுத்த வளையத்தை அதற்குள் கோத்துக்கொண்டே போனால், கடைசி வளையத்தில் ஒரு பூட்டுப் போட்டால் போதும், முழுப்பையும் மூடிக்கொள்ளும். அண்டை நிலத்து பக்தியாரி மக்கள் இரட்டைப் பையின் அடிப்பாகத்தை மட்டும், நூலை முடிச்சு முடிச்சாகப் போட்டு மேலே மயிர் நிற்கவைக்கும் முடிச்சுக் கம்பளமாக நெய்வார்கள். தரையிலும் விலங்கின் விலாவிலும் உரசித் தேய்வது அந்த இடம்தானே.

கிலிம் என்ற தட்டை நெய்வு நம் பவானி ஜமக்காளம் போல, குறுக்கே ஓடும் ஊடை நூல் நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுக்க மறைத்துவிடும் வகை. ஆனால் இதில் ஒவ்வொரு நிறத்து ஊடையும் தன் எல்லைக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு கீறல் விழும். செங்குத்தாக நீண்ட கோடு போட்டால் துணி அங்கே பிளந்து தொங்கும். படிப்படியாக ஏறும் சாய்கோடு போட்டால் கீறல் சின்னச் சின்னதாக உடைந்துவிடும். கிலிமில் வைர வடிவமும் படிக்கட்டு விளிம்பும் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுதான். அவற்றுக்கு ஆழ்ந்த மறைபொருள் கண்டுபிடிப்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

தறியும் பயணத்துக்கு ஏற்றதுதான். தரையில் நான்கு முளை, குறுக்கே இரண்டு கட்டை, தரையை ஒட்டி நீளும் பாவு. நெய்த பகுதி மேலேயே உட்கார்ந்து அடுத்ததை நெய்ய வேண்டும். புறப்படும் நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, அரைகுறைக் கம்பளத்தோடு எல்லாவற்றையும் சுருட்டி ஏற்றிவிடுவார்கள். புது இடத்தில் திரும்பக் கட்டும்போது பாவின் இறுக்கம் பழைய மாதிரி இருக்காது. பழைய கஷ்காய் கம்பளங்களில் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் இருப்பது இதனால்தான்.

கப்பேயின் பழைய இடம்

கஷ்காய் நெய்வில் இரண்டு தட்டுகள் இருந்தன. மேல்தட்டில் நுண்ணிய முடிச்சுக் கம்பளங்கள். குறிப்பாகக் கஷ்கூலி பிரிவினரின் வேலைக்கு நல்ல பெயர். கான்கள் எனப்பட்ட தலைவர்களின் குடும்பங்கள் இவற்றை நெய்வித்தன, பரிசாகக் கொடுத்தன, விற்கவும் செய்தன. ஃபார்ஸில் உள்ள பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபொலிஸின் சிற்பங்களைப் பார்த்து நெய்தவைகூட உண்டு.

கீழ்த்தட்டில் கப்பே. நீளமான மயிர், பருத்த நூல், முடிச்சு வரிசைகளுக்கு நடுவே நான்கைந்து ஊடை, சிலவற்றில் அதற்கும் மேல். இதனால் கம்பளம் கெட்டியாக நிமிர்ந்து நிற்காமல் மெத்தைபோலத் துவண்டு மடியும். கூடாரத்துக்குள் விரித்துப் படுப்பதற்கு அதுதானே தோது. விற்கும் எண்ணமே இல்லாததால் மாதிரிப் படமும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. கட்டம், வைரம், வெறும் சிவப்புப் பரப்பு, மூலையில் ஓர் ஆடு, நெய்கிறவளுக்குத் தோன்றியது எதுவானாலும் வரும்.

சிங்கமும் வரும். ஃபார்ஸின் சிங்கக் கப்பேக்கள் தனி இனமாகவே பேசப்படுகின்றன. ஈரானியச் சிற்பி பர்வீஸ் தனாவோலி அவற்றைத் தேடிச் சேகரித்து 1970-களிலேயே வெளியுலகுக்குக் காட்டியவர். ஃபார்ஸின் அர்ஷான் சமவெளியில் 19-ஆம் நூற்றாண்டில் உண்மையான சிங்கங்கள் இருந்தன. 1940-களுக்குப் பிறகு ஈரானில் சிங்கம் தென்பட்டதாக நம்பகமான செய்தி இல்லை. பிற்காலச் சிங்கக் கப்பேக்களை நெய்தவர்கள் சிங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. தறியில் மட்டும் அது தொடர்ந்து வாழ்ந்தது. சில சிங்கங்களுக்கு மனித முகம், சிலவற்றுக்குப் பூனைச் சாயல். துல்லியம் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு என்னவோ அரண்மனைக் கம்பளத்துச் சிங்கங்களைவிட இவற்றைப் பார்க்கத்தான் ஆசை.

அடிமேல் அடி

ஈரான் மன்னர் ரெஸா ஷா ஆட்சியில், 1920-களின் இறுதியிலிருந்து 1930-கள் வரை, நாடோடிக் குழுக்களை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்தினார்கள். இடப்பெயர்வுக்குத் தடை விழுந்தது. கோடைப் புல்வெளிக்குப் போக முடியாத மந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கஷ்காய் தலைவர் ஸௌலத் அல் தவ்லே 1933-இல் தெஹ்ரான் சிறையில் இறந்தார். 1941-இல் ரெஸா ஷா பதவி விலகியதும் மக்கள் திரும்பவும் நடக்கத் தொடங்கினார்கள். ஆனால் 1950-களில் கான்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1963-இல் மேய்ச்சல் நிலங்கள் அரசுடைமையாயின. அதற்குப் பிறகு இடப்பெயர்வு நின்றுவிடவில்லை, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. லாரியில் ஆடுகளை ஏற்றிப் போவதும், கிராமத்தில் வீடு கட்டித் தங்குவதும் சாதாரணமாயின.

நெய்வின் மேல் இதன் விளைவு இரண்டு தட்டுகளிலும் ஒரே மாதிரி இல்லை. நுண்ணிய கம்பளத்துக்கு ஒரு புரவலர் வேண்டும். மாதக்கணக்கில் ஒருத்தி தறியில் உட்கார அவள் வீட்டுக்குச் சோறு போட யாராவது வேண்டும். கான் வீடுகள் போனதும் அந்தத் தட்டு ஆட்டம் கண்டது. கப்பேக்கு முதலிலிருந்தே புரவலர் கிடையாது, ஆகவே இழக்கவும் ஒருவரும் இல்லை. மதிப்பில்லாமல் இருந்ததே அதைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

கப்பேயைக் கெடுத்தது வேறொன்று, சாயம். 1856-இல் செயற்கைச் சாயம் பிறந்தது. சில பத்தாண்டுகளில் அது ஈரானுக்குள் நுழைந்துவிட்டது. அனிலின் என்ற ரசாயனத்திலிருந்து எடுத்த ஆரம்பகாலச் சாயங்கள் வெயிலில் வெளுத்தன, தண்ணீர் பட்டால் ஒன்றோடொன்று கலந்தன. அப்போது ஈரானை ஆண்ட காஜார் அரசே அவற்றைத் தடை செய்து பார்த்தது, பிறகு கூடுதல் ஏற்றுமதி வரி போட்டுப் பார்த்தது. பலன் கொஞ்சம்தான். ஒரு பொட்டலம் வாங்கிக் கரைத்தால் நிறம் வந்துவிடும்போது, மூன்று வருடம் வளர்ந்த வேரைத் தோண்டி உலர்த்தி இடித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கூடாரத்துக்காக நெய்த கப்பேக்கள் பலவற்றில் கண்ணைக் குத்தும் ஆரஞ்சும் ஊதாவும் இருப்பது இதனால்தான். பெண்கள் அந்தப் பளிச் நிறங்களை விரும்பியே வாங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயற்கைச் சாயம்தான் அவர்களின் ஆன்மா என்பதெல்லாம் பின்னால் மற்றவர்கள் எழுதியது.

1980-கள்: சாயத்தொட்டி திரும்பியது

1970-கள் முடியும்போது மேற்கத்திய வீடுகளின் ரசனை மாறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், குறைந்த சாமான், தரையில் ஒரே ஒரு தீர்க்கமான நிறம். பூவேலை நிறைந்த காஷான் நகரத்துக் கம்பளம் அந்த அறையில் ஒட்டவில்லை. வெறும் சிவப்புப் பரப்பில் இரண்டு ஆடு நிற்கும் கப்பே பொருந்தியது. ஆனால் அந்தச் சிவப்பு நல்ல சிவப்பாக இருக்க வேண்டும்.

ஷிராஸில் கம்பள வணிகம் செய்துவந்த ஸொல்லன்வாரி குடும்பத்தைச் சேர்ந்த குலாம்ரெஸா ஸொல்லன்வாரி இந்த இடைவெளியைப் பார்த்தவர். கையால் நூற்ற உள்ளூர்க் கம்பளி, இயற்கைச் சாயம், பழைய கப்பேயின் எளிமை என்ற மூன்றையும் சேர்த்து நெய்விக்கத் தொடங்கினார். சாய அறிவைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் அப்பாஸ் சயாஹியின் பெயர் முக்கியமானது. ஃபார்ஸின் மலைச்செடிகளை அறிந்த சாயக்காரர் அவர்.

சிவப்புக்கு ரூனாஸ் வேர். நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு நெருங்கிய சொந்தம். படிகாரத்தில் ஊறிய நூலை ரூனாஸ் தொட்டியில் மெல்லிய சூட்டில் வைக்க வேண்டும். கொதிக்க விட்டால் வேரிலிருந்து பழுப்பும் இறங்கி நிறத்தை மங்கடித்துவிடும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு தெளியும். மஞ்சளுக்கு ஜாஷீர் என்ற மலைச்செடி. பழுப்புக்கு வால்நட் பச்சைத்தோலும் மாதுளை ஓடும். நீலத்துக்கு அவுரி, பழைய நாட்களில் இது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. நூல் நீலத்தொட்டியிலிருந்து வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகத் திரும்பும். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளில் ஒருமுறை, நீலத்தில் ஒருமுறை. இரண்டு தொட்டி வேலை என்பதால் பழைய கம்பளங்களில் பச்சையைச் சிக்கனமாகத்தான் பயன்படுத்தியிருப்பார்கள்.

இந்த மீட்சியின் நுட்பம் சாயத்தில் பாதி, நூலில் பாதி. கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் முறுக்கேறியும் இருக்கும். முறுக்கு அதிகமான இடம் சாயத்தைக் குறைவாகக் குடிக்கும். ஆக, ஒரே தொட்டியில் நனைந்த ஒரே நூலில் பத்துச் சிவப்பு. நெய்து முடித்த பரப்பு காற்றில் புல்வெளி அசைவதுபோல் ஏறி இறங்கும். பழைய கம்பளங்களில் ஒரு தொட்டி தீர்ந்து அடுத்த தொட்டி வரும்போது விழும் நிறப்பட்டைக்கு அப்ரஷ் என்று பெயர். நகரத்து நெசவாலைகளில் அதைக் குறையாக எண்ணினார்கள். கப்பே அதையே விற்பனைக் காரணமாக்கியது. இப்போது மில் கம்பளங்களில்கூட அப்ரஷை வேண்டுமென்றே கணினியில் வரைந்து அச்சடிக்கிறார்கள்.

கணக்கு எப்படி ஒத்துவந்தது

வெறும் ரசனையால் மட்டும் இது நடக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைக்கு இரண்டு மீட்டர் நுண்ணிய கம்பளம் என்றால் 300 சதுர டெசிமீட்டர் (ஒரு டெசிமீட்டர் பத்து சென்டிமீட்டர்). சதுர டெசிமீட்டருக்கு 3,000 முடிச்சு என்று வைத்தால் மொத்தம் 9 லட்சம். ஒரு நாளைக்கு 6,000 முடிச்சு போடுகிறவளுக்கு 150 நாள் வேலை. அதே அளவுக் கப்பேயில் 600 முடிச்சு என்று வைத்தால் 1,80,000. முப்பது நாளில் தறியிலிருந்து இறங்கிவிடும். கப்பேக்குக் கம்பளி அதிகம் தேவை, சாயச் செலவும் கூட. இருந்தாலும் வியாபாரி போட்ட பணம் முடங்கிக் கிடக்கும் காலம் ஐந்தில் ஒரு பங்காகிறது. நெய்கிறவளுக்கும் கூலி சீக்கிரம் கைக்கு வருகிறது. கப்பே மீண்டதில் அழகியலுக்கு இருக்கும் பங்கைவிட இந்தக் கணக்குக்குப் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் தறி இப்போது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கிராமத்து வீட்டிலோ பட்டறையிலோ. முளையைப் பிடுங்க வேண்டியதில்லை. பாவு சீராக இருக்கும். கம்பளம் நேராக வரும். நூலைச் சாயமேற்றி வியாபாரி கொடுக்கிறார். அளவையும் நிறச் சேர்க்கையையும் சொல்கிறார். பல நேரம் மாதிரியையும் காட்டுகிறார். கூலி பரப்பளவுக்கு. முன்பு ஆடு வளர்ப்பு, நூற்பு, சாயம், நெய்வு எல்லாம் ஒரே கூடாரத்துக்குள் நடந்தன. இப்போது நெய்வு மட்டும் அவள் கையில்.

2010-இல் யுனெஸ்கோ ஃபார்ஸ் கம்பள நெய்வைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குறிப்பில், ஆண்கள் மயிர் கத்தரித்துத் தறி கட்டுகிறார்கள், பெண்கள் நூற்று, நிறம் தேர்ந்து, மாதிரிப் படம் இல்லாமல் நெய்கிறார்கள், ஒரே வடிவத்தை இருமுறை யாராலும் நெய்ய முடியாது என்ற கருத்து வருகிறது. தங்கள் தேவைக்கு நெய்யும் கூடாரத்துக்கு அது சரி. ஏற்றுமதிக் கப்பேக்கு அப்படியே பொருந்தாது. ஜெர்மானிய வாங்குபவர் அதே வடிவத்தை மூன்று அளவில் கேட்டால் மூன்று அளவிலும் போகும். பட்டியல் போட்டவர்கள் கூடாரத்தை எழுதினார்கள், பணம் வந்தது பட்டறையிலிருந்து.

இதே காலத்தில் துருக்கியில் நடந்ததை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். இஸ்தான்புல்லில் வேதியியல் ஆசிரியராக இருந்த ஹரால்ட் ப்யோமர் பழைய கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்தார். அதிலிருந்து 1981-இல் அய்வாஜிக் பகுதியில் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு, இயற்கைச் சாயக் கம்பளத்தை மீட்கும் தோபாக் திட்டம் பிறந்தது. அங்கே நெய்தவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தார்கள். சாயச் செய்முறை கிராமத்துக்கே திரும்பிப் போனது. ஃபார்ஸில் அது வியாபாரியின் சாயக்கூடத்துக்குப் போனது. வியாபார அளவில் ஃபார்ஸ்தான் எங்கேயோ போய்விட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வியாபாரி ஒருநாள் விலகிக்கொண்டால் அந்தச் சிவப்பைத் தானே எடுக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே பதில் வராது.

கல்வியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கஷ்காய் சமூகத்தைச் சேர்ந்த முகமது பஹ்மன்பெகி 1950-களிலிருந்து நாடோடிப் பிள்ளைகளுக்குக் கூடாரப் பள்ளிகளை நடத்திக் காட்டியவர். பெண் பிள்ளைகளும் படித்தார்கள், ஆசிரியைகளும் ஆனார்கள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு வயதில் முடிச்சு போடக் கற்ற தலைமுறை அங்கே குறையத் தொடங்கியது. கலை நலிகிறதே என்று இதற்காகக் கண்ணீர் விட என்னால் முடியாது.

தடைகளும் நகல்களும்

அமெரிக்கா 1987-இல் ஈரானியப் பொருட்களுக்குத் தடை போட்டது. 2000-இல் கம்பளத்துக்கு விலக்குக் கொடுத்தது. 2010-இல் மூடியது, 2016-இல் திறந்தது, 2018-இல் மறுபடி மூடியது. 1990-களின் நடுவில் சுமார் 200 கோடி டாலரைத் தொட்ட ஈரானின் கைக்கம்பள ஏற்றுமதி, கடைசித் தடைக்குப் பிறகு 10 கோடிக்கும் கீழே இறங்கியது. முதல் தடைக்காலத்தில் கப்பேயைக் கைவிடாதது ஐரோப்பா, முக்கியமாக ஜெர்மனி. பிறகு அமெரிக்கக் கடைகளில் விழுந்த வெற்றிடத்தை யார் நிரப்பியது?

பெரிய பங்கு இந்தியாவுக்கு. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரம் கப்பே பாணிக் கம்பளங்களை ஏராளமாகச் செய்கிறது. நம் ஊரில் ஆன்லைனில் 'கப்பே' என்று தேடினால் வருவதும் பெரும்பாலும் அதுதான். முடிச்சுப் போட்டவையும் அதில் உண்டு. மலிவாகக் கிடைப்பவை பலவும் வேறு முறை. தறியில் ஒரு கம்பியைக் குறுக்கே வைத்து, நூலை அதன்மேல் சுற்றி வளையங்களாக்கி, பிறகு வெட்டிவிடுவார்கள். முடிச்சே கிடையாது. வேலை பலமடங்கு வேகம், விலையும் அதற்கேற்ப.

வாங்க நினைப்பவர்கள் கம்பளத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கலாம். முடிச்சுக் கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சும் சின்ன மேடாகத் தெரியும், வரிசைகளுக்கு நடுவே ஊடை ஓடும், முன்பக்க உருவம் பின்னாலும் அப்படியே படிக்க வரும். ஓரக்குஞ்சம் பாவின் நீட்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் யோசிக்கலாம். மற்றபடி கம்பி வைத்து நெய்வதும் கைத்தறி வேலைதான், பதோஹி நெசவாளர் யாரையும் ஏமாற்றவில்லை. அதன்மேல் 'ஈரானிய நாடோடிகள் நெய்தது' என்று சீட்டு ஒட்டி மூன்று மடங்கு விலை வைக்கிறவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கூடுதல் பணம் செமிரோமுக்கும் போவதில்லை, பதோஹிக்கும் போவதில்லை.